உண்ணிக்கு எதிராக ஒரு தடுப்பூசி
(காம்பார் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



காம்பார் வட்டாரத்தில் வாழும் நமக்கு உண்ணி புதியதோர் உயிரன்று. மாட்டின் காதடியிலும் மடியிலும், நாயின் விரலிடுக்கிலும் அதனை நாள்தோறும் காண்கிறோம். புல் மண்டிய நிரைகளில் பால் வெட்டிவிட்டு வீடு திரும்பிய பின், சில வேளைகளில் நம் உடலிலும் காண்கிறோம். கண்டதும் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், அந்த உண்ணியை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. மழையில் நனைந்தோம், அதனால் வந்தது என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம்.

தோட்டத்து மக்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அம்மைக்கு ஊசி இருக்கிறது, இளம்பிள்ளை வாதத்துக்கு மருந்து இருக்கிறது, உண்ணியால் வரும் நோய்க்கு மட்டும் ஏன் ஊசி இல்லை?” என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடிய விஞ்ஞானிகளின் வரலாற்றில் நம் மலேசிய மண்ணுக்கும், குறிப்பாகத் தோட்டத் தொழிலாளிக்கும், ஓர் இடம் உண்டு. ஆகவே இன்று அதனை விரிவாகக் காண்போம்.

உண்ணியின் உமிழ்நீர்

முதலில் உண்ணி எவ்வாறு இரத்தம் குடிக்கிறது என்பதை அறிவோம். இதனைப் புரிந்துகொள்ளப் பால்வெட்டுத் தொழிலாளியைவிடத் தகுதியானவர் எவருமிலர்.

நாம் மரத்தின் பட்டையைக் கீறுகிறோம், பால் வடிகிறது. சிறிது நேரம் சென்றதும் வெட்டிய இடத்தில் பால் உறைந்து, வடிதல் நின்றுவிடுகிறது. மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் முறை அது. நம் உடலும் அப்படியே. தோல் கீறினால் இரத்தம் வரும். சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடும். ஆனால் எடுத்த பால் உறையாமல் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? அம்மோனியா கலக்கிறோம். உண்ணியும் அதனையே செய்கிறது. அது கடித்த இடத்தில் தன் உமிழ்நீரைக் கலக்கிறது. அந்த உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. வலியும் அரிப்பும் தோன்றாமல் மறைக்கிறது. நம் உடலின் காவற்படை விழித்துக்கொள்ளாமல் மயக்கிவைக்கிறது. கொசு சில நிமிடங்களில் குடித்துவிட்டுப் பறந்துவிடும். உண்ணியோ நாட்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தும் நமக்குத் தெரியாமற்போவது இதனால்தான். நோய்க்கிருமி இருந்தால், அதுவும் இந்த உமிழ்நீரோடு சேர்ந்தே உள்ளே இறங்கும்.

ஆகவே தடுப்பூசி செய்ய முனைவோருக்கு இரண்டு வழிகள் உள்ளன. உமிழ்நீரோடு வரும் கிருமியை எதிர்க்குமாறு உடலைப் பழக்குவது ஒரு வழி. உண்ணியையே எதிர்க்குமாறு உடலைப் பழக்குவது மற்றொரு வழி. இரண்டு வழிகளிலும் மனிதன் நடந்து பார்த்திருக்கிறான்.

மலாயாத் தோட்டங்களில் தோன்றிய கேள்வி

1920ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் ஒரு புதிர்க்காய்ச்சல் பரவியது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிளெட்சர், லெஸ்லர் ஆகியோர் அதனை ஆராய்ந்தனர். ஒரே பெயரால் அழைக்கப்பட்ட காய்ச்சல் உண்மையில் இரு வகை என்று அவர்கள் கண்டனர். ஒன்று நகரத்துக் கடைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்தோரைத் தாக்கியது. மற்றொன்று காடு வெட்டியோரையும், லாலான் புல் மண்டிய இடங்களிலும் தோட்டங்களிலும் உழைத்தோரையும் தாக்கியது. இரண்டாவது வகைக்கே ஸ்க்ரப் டைபஸ், அதாவது புதர்க்காய்ச்சல், என்று பெயர். 1930களில் லூத்வேட், சவூர் ஆகிய இருவரும் அதே ஆராய்ச்சிக் கழகத்தில் உழைத்து, இந்நோயும் ஜப்பானில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஆற்றுக்காய்ச்சலும் ஒன்றே என்று நிறுவினர்.

இதனைப் பரப்புவது உண்ணியின் உறவான ஒரு சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. முட்டையிலிருந்து வெளிவந்த அதன் குஞ்சுதான் எலியையும் மனிதனையும் கடிக்கிறது. தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடுவதால், ஒரு புதர் நிலத்தில் இந்நோய் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும்.

இதற்குத் தடுப்பூசி செய்யாமலிருந்தார்களா? செய்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியக் காடுகளில் படைவீரர்கள் இந்நோயால் மடிந்தனர். பிரிட்டனில் பருத்தி எலிகளின் நுரையீரலில் கிருமியை வளர்த்துத் தடுப்பூசி தயாரித்து, படைவீரர்களுக்குப் போட்டுப் பார்த்தனர். அது காக்கவில்லை. காரணம் என்ன? ரப்பர் மரம் எல்லாம் ரப்பர் மரமே, ஆயினும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 இரகம் வேறு, மற்ற இரகங்கள் வேறு அல்லவா? அதுபோல் இக்கிருமியிலும் பல இரகங்கள் உள்ளன. ஓர் இரகத்துக்கு எதிராகப் பழகிய உடல் மற்றோர் இரகத்தை அடையாளம் காண்பதில்லை. பழகிய இரகத்துக்கு எதிரான காப்பும் நெடுநாள் நீடிப்பதில்லை. அதனால்தான் ஒருமுறை வந்தவருக்கே மறுமுறையும் இக்காய்ச்சல் வருகிறது. இன்றுவரை புதர்க்காய்ச்சலுக்கு மனிதருக்குப் போடத்தக்க தடுப்பூசி இல்லை.

ஊசி கிட்டாத இடத்தில் மருந்து கிட்டியது. 1948ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் ஒரு குழு கோலாலம்பூர் வந்து, லூத்வேட், சவூர் ஆகியோருடன் சேர்ந்து குளோரம்பெனிக்கால் என்னும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தது. வாரக்கணக்கில் கொதித்த காய்ச்சல் ஓரிரு நாட்களில் தணிந்தது. புதர்க்காய்ச்சல் என்று கருதிச் சிகிச்சை அளிக்கப்பட்டவர்களுள் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பின்னர் தெரிந்தது. அவர்களும் குணமடைந்தனர். டைபாய்டுக்கும் அதுவே மருந்து என்று உலகம் அறிந்தது இப்படித்தான். இன்று டாக்சிசைக்ளின் முதன்மையான மருந்தாக விளங்குகிறது. நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது மேலும் பயனளிக்கும் என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இந்நோய் பழங்கதையன்று. நம் நாட்டு ரப்பர் தோட்டத் தொழிலாளரின் இரத்தத்தைப் பரிசோதித்து 1999இல் வெளியான ஆய்வில், இத்தகைய கிருமிகளை உடல் எதிர்கொண்டதற்கான அடையாளம் பலரிடம் காணப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர், ‘சாதாரணக் காய்ச்சல்’ என்று எண்ணி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மறுநாள் பெரட்டுக்குச் சென்றிருப்பர்!

உலுலங்காட் உண்ணி சொன்ன பாடம்

இனி, உண்மையான உண்ணிக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு, கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய கோர்டன் ஸ்மித், சிலாங்கூர் மாநிலத்தின் உலுலங்காட் காட்டில் எலிகளின் உடலிலிருந்து எடுத்த உண்ணிகளில் ஒரு வைரஸைக் கண்டறிந்ததை அறிவித்தார். அதற்கு லங்காட் வைரஸ் என்று பெயர் வழங்கிற்று. ரஷ்யாவிலும் ஐரோப்பாவிலும் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கொடிய உண்ணி வைரஸின் நெருங்கிய உறவு அது. ஆயினும் இயற்கையில் மனிதருக்கு அது நோய் தந்ததாக அறியப்படவில்லை.

உடனே விஞ்ஞானிகளுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையை வென்றது போல, சாதுவான இந்த மலேசிய வைரஸைக் கொண்டு கொடிய ரஷ்ய வைரஸை வெல்லலாகாதா? சோவியத் நாட்டில் இதன் ஓர் இரகத்தை உயிருள்ள தடுப்பூசியாக ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஏறத்தாழ 18,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் மூளைக்காய்ச்சல் தோன்றிற்று. காக்க வந்த ஊசியே சிலரைத் தாக்கியதால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இதனைக் கேட்டுத் தடுப்பூசி என்றாலே ஆபத்து என்று எவரும் எண்ணிவிடலாகாது. இதன் பாடம் வேறு. 18,000 பேரில் ஒருவருக்கு வரும் தீங்கையும் கணக்கிட்டு, அதற்காகவே ஓர் ஊசியை ஒதுக்கிவைக்கும் ஒழுங்கு மருத்துவத்தில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இன்று சுகாதார நிலையத்தில் போடப்படும் ஊசிகள் அத்தகைய சல்லடையில் சலித்து எடுக்கப்பட்டவை.

அதே மூளைக்காய்ச்சலுக்கு ஆஸ்திரியா நாட்டில், செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு வேறொரு தடுப்பூசி உருவாயிற்று. 1979ஆம் ஆண்டு அந்நாட்டில் 677 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். 1981இல் மக்கள் அனைவருக்குமான தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. பின் வந்த ஆண்டுகளில் நோயுற்றோர் தொகை வெகுவாகக் குறைந்தது. எனவே உண்ணி நோய்க்குத் தடுப்பூசி இயலாத காரியமன்று. நாடும் மக்களும் ஒன்றுபட்டு ஏற்றால் பயன் தரும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

நம் முன்னோர் வந்த திசையிலும் ஒரு சான்று உண்டு. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. பின்னர் காட்டுக்குச் சென்ற மக்களும் நோயுற்றனர். அதுவும் உண்ணி பரப்பிய வைரஸே. 2012க்குப் பின் அது நீலகிரி, வயநாடு மலைப்பகுதிகளிலும் தென்பட்டது. அந்நோய்க்கு எதிரான தடுப்பூசி 1990 முதல் கர்நாடகத்தில் போடப்பட்டது. ஒரு முறை போட்டால் போதவில்லை. இரண்டாவது ஊசியும், அதன்பின் மீண்டும் மீண்டும் வலுவூட்டும் ஊசியும் வேண்டியிருந்தன. வலியும் இருந்ததால் பலர் முதல் ஊசியோடு நின்றுவிட்டனர். நாளடைவில் அதன் பயனும் குறைந்தது. 2022இல் அது நிறுத்தப்பட்டது. இப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியில் புதிய ஊசி ஒன்று உருவாகி வருகிறது.

உண்ணியையே எதிர்க்கும் ஊசி

இரண்டாவது வழியை இனிப் பார்ப்போம். 1939இல் வில்லியம் டிரேகர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். உண்ணி ஒருமுறை கடித்த கினிப்பன்றியை மறுமுறை கடிக்க வந்த உண்ணிகள், வயிறார இரத்தம் குடிக்க இயலாமல் தடுமாறின. கினிப்பன்றியின் உடல் உண்ணியை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது.

இந்தக் கருத்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தியவர்கள் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் பீட்டர் வில்லாட்சன் குழுவினர். அவர்கள் உமிழ்நீரை விட்டுவிட்டு, மாட்டுண்ணியின் குடலிலுள்ள ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்தனர். அதனை மாட்டுக்கு ஊசியாகப் போட்டால், மாட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். உண்ணி அந்த இரத்தத்தைக் குடிக்கும்போது எதிர்ப்பொருளும் உள்ளே சென்று அதன் குடலையே புண்ணாக்கும். உண்ணி உடனே சாகாமற்போகலாம். ஆனால் இடும் முட்டை குறையும். ஒரு பெண் மாட்டுண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடக்கூடியது என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும். தலைமுறைக்குத் தலைமுறை மேய்ச்சல் நிலத்தில் உண்ணி குறைந்துகொண்டே வரும். 1990களின் நடுப்பகுதிக்குள் கியூபாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய ஊசிகள் விற்பனைக்கு வந்தன. சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டியிருந்ததும், எல்லா நாட்டு உண்ணிகளிடமும் ஒரே அளவு பயன் தராததும் அவற்றின் குறைகள். ஆஸ்திரேலியாவில் அதன் விற்பனை பின்னர் நின்றுவிட்டது. ஆயினும் அடுத்து வருவோருக்கு அது வழியைத் திறந்துவிட்டது.

மனிதருக்கான ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. உண்ணி உமிழ்நீரின் 19 புரதங்களைக் காட்டிக்கொடுக்கும் ஓர் ஊசியைக் கினிப்பன்றிகளுக்குப் போட்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2021இல் முடிவை வெளியிட்டனர். கடித்த இடம் விரைவில் சிவந்தது. உண்ணிகள் வயிறு நிரம்புமுன்னரே கழன்று விழுந்தன. நாம் முன்பு சொன்ன அம்மோனியாவின் வேலையை அந்த ஊசி கெடுத்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் கினிப்பன்றியில் பலித்தது மனிதரிடம் பலிக்க இன்னும் பல படிகள் ஏறவேண்டும்.

மாட்டுக்கு உண்ணி தரும் நோய்களுக்கும் ஊசிகள் உண்டு. இரத்தச் செவ்வணுக்களைச் சிதைத்துச் சிறுநீரைச் செந்நிறமாக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கு ஆஸ்திரேலியா 1960களிலிருந்து உயிருள்ள ஊசி தயாரித்து வருகிறது. கலப்பினக் கறவை மாடுகளைக் கொல்லும் தைலேரியா நோய்க்கு இந்தியாவில் ஊசி உண்டு. அதனைத் திரவ நைட்ரஜன் என்னும் கடுங்குளிர்ப் பொருளில் வைத்துக் காக்கவேண்டும். மலைக்கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் அதனைக் கொண்டுசெல்வது எளிதன்று என்பதை நாம் உணரலாம்.

ஊசி வரும்வரை

ஒரு மாடு தோட்டத்துக் குடும்பத்துக்கு ஒரு சேமிப்புப் புத்தகம். பிள்ளையின் பள்ளிச் செலவும், வீட்டுத் திருமணமும் அதன் மடியை நம்பியே இருப்பதுண்டு. உழைக்கும் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் சம்பளமும் படுத்துவிடும். ஆகவே ஊசி வரட்டும் என்று நாம் கைகட்டிக் காத்திருத்தல் இயலாது. நம் கையிலேயே உள்ள காப்புகள் பின்வருமாறு:

வேலைக்குச் செல்கையில் நீண்ட காற்சட்டை அணிந்து, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில் புல்மீது படுப்பதையும், கழற்றிய சட்டையைப் புல்மீது போடுவதையும் தவிருங்கள். வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் குளித்து, துண்டால் அழுத்தித் துடைத்து, வேலை உடையைத் துவையுங்கள். லயத்தைச் சுற்றிப் புதரும் குப்பையும் சேரவிடாதீர்கள். எலி தங்கும் இடத்தில் சிற்றுண்ணியும் தங்கும்.

உடலில் உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுதல், சுண்ணாம்பு தடவுதல், நெருப்பால் சுடுதல் ஆகியவை வேண்டா. நுனி கூர்மையான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, நேராக, மெல்ல இழுத்தெடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். பின்னர் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

மாட்டை வாரந்தோறும் காதடி, அலைதாடி, மடி, வாலடி ஆகிய இடங்களில் தடவிப் பாருங்கள். உண்ணி மருந்தைக் குறிப்பிட்ட அளவிலேயே கலந்து தெளியுங்கள். மிச்சம் பிடிப்பதாக எண்ணி நீர்க்கக் கலந்தால், சாகாது எஞ்சும் உண்ணி மருந்தையே பழகிக்கொள்ளும். புதிதாக வாங்கிய மாட்டைச் சில வாரம் தனியே கட்டுங்கள். மாடு தீனி மறுத்து, காய்ச்சல் கண்டு, சிறுநீர் செந்நிறமானால் அன்றே கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். 1948 முதல் ஈப்போவில் இயங்கிவரும் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. நோய் இன்னதென்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்லும் வசதி பல நாட்டு விவசாயிகளுக்குக் கிட்டாத ஒன்று.

இறுதியாக, எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று. புதரிலோ தோட்டத்திலோ வேலை செய்த ஒருவருக்கு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டால், உடலை நன்கு பாருங்கள். இடுப்பு வார் படும் இடம், அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றில் வலியில்லாத ஒரு கரும்பொருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோல், இருக்கக்கூடும். நம் நிறத்துத் தோலில் அது எளிதில் கண்ணுக்குப் படாது. வெட்கத்தால் நாம் காட்டாமலும் விட்டுவிடுவோம். அந்தப் பொருக்கு இல்லாமலும் நோய் இருக்கலாம். ஆகவே மருத்துவமனைக்குச் சென்றதும், கேட்கும்வரை காத்திராமல், “டாக்டர், நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், புதரில் நடமாடினேன், உண்ணி கடித்திருக்கலாம்” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் மருத்துவரை நேர்வழியில் செலுத்தும். காலத்தில் கொடுத்தால் சில நாள் மாத்திரையால் தீரும் நோய் இது. காலந்தாழ்த்தினால் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிரையும் கொள்ளும். கொடுத்த மாத்திரையைக் காய்ச்சல் நின்றதும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை உண்ணுங்கள்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்நோயை உலகுக்கு விளங்கவைத்தவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். பெயர் பதியப்படாத மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் நோயாளிகளாகப் படுத்து அறிவித்த உண்மை அது. அவர்களுக்கு அன்று மருந்து இல்லை. நமக்கு இன்று மருந்து உண்டு. அருகில் மருத்துவமனை உண்டு. ஊசி வரும் நாளில் அதனை முறையாகப் போட்டுக்கொள்வோம். அதுவரை கண்ணும் வாயும் நமக்குக் காப்பாகட்டும்: கண்ணால் உடலைப் பார்ப்போம், வாயால் மருத்துவரிடம் சொல்வோம்.